கண்டி வீதியின் இரு முனைகள்

யாழ்ப்பாணத்தார் 'கண்டி வீதி' என்று சொல்லும் வீதியின் நீளம் 321 கிலோமீற்றர். அரச ஆவணங்களில் அதன் பெயர் ஏ-9. தென்முனையில், கண்டி நகரின் நெரிசலுக்குள், நான் நாற்பது ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துகிறேன். வடமுனையில் என் மனைவி பிறந்த சோனகதெரு இருக்கிறது. அங்கே அவளுடைய சீதன உறுதியில் எழுதப்பட்ட ஒன்றேகால் பரப்புக் காணியும், கூரையில்லாத ஒரு வீடும், தூர்ந்துபோன ஒரு கிணறும் இருக்கின்றன.

சென்ற ஆண்டு புத்தளத்திலிருந்து மைத்துனர் தொலைபேசியில் பேசினார். "மச்சான், காணிக்கு நல்ல விலை வந்திருக்கு. ஒரு மாசத்துக்குள்ள பதில் சொல்லணும். நீங்க கண்டியில இருக்கிறீங்க, நான் புத்தளத்தில இருக்கிறன். பிள்ளைகள் ஒண்டும் அங்க போகப்போறதில்லை. வித்துப்போட்டுக் கண்டியிலேயே ஒரு மேல்மாடி எடுத்துக் கட்டுங்க" என்றார்.

மனைவியிடம் சொன்னேன். அவள் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "இஞ்ச பாருங்க, கண்டியில நான் என்ன குறையோட இருக்கிறன் எண்டு கேட்டா ஒரு குறையுமில்லை. ஆனா காலையில எழும்பி ஜன்னலைத் திறந்தா பஸ் சத்தம்தான் வருகுது. கடைசிக் காலத்தில கடல் காத்துப் பட இருக்கக் கூடாதா?" என்றாள்.

கண்டியா, கரையா என்பது எங்கள் வீட்டில் இப்படித்தான் கேள்வியானது. பாடசாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வரலாறு படிப்பித்தவன் என்பதால், வீட்டுக் கேள்விக்கும் பழைய புத்தகங்களிலேயே பதில் தேடும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படித் தேடியதில் கிடைத்தவற்றையே இங்கு எழுதுகிறேன். உள்நாட்டு நகரத்துக்கும் கடலோர ஊருக்கும் இடையிலான தெரிவு எங்கள் குடும்பத்துக்கு மட்டும் நேர்ந்ததல்ல. இந்தத் தீவில் அரசர்களும் அந்நியரும் நம் முன்னோரும் திரும்பத் திரும்ப அதன் முன் நின்றிருக்கிறார்கள்.

நல்லூரும் கரையும்

யாழ்ப்பாண அரசின் தலைநகராக விளங்கியது நல்லூர். அது கடற்கரையில் இல்லை. கரையிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே, செம்மண் நிலத்தில், நல்ல தண்ணீர்க் கிணறுகளின் நடுவே அமைந்தது. நான்கு திசையிலும் சட்டநாதர், வெயிலுகந்த பிள்ளையார், கைலாசநாதர், வீரமாகாளி ஆகிய கோயில்களைக் காவலாகக் கொண்டிருந்தது. யமுனா ஏரி, சங்கிலியன் தோப்பு, மந்திரிமனை என இன்று அந்தப் பகுதியில் காட்டப்படும் சின்னங்கள் அந்த நகரத்தின் நினைவையே தாங்கி நிற்கின்றன.

ஆனால் அந்த அரசின் செல்வம் கடலில்தான் இருந்தது. நயினாதீவில் முதலாம் பராக்கிரமபாகு பொறித்த 12ஆம் நூற்றாண்டுத் தமிழ்ச் சாசனம் ஒன்று உண்டு. வெளிநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து கூடவேண்டும் என்றும் அவர்களுக்குப் பாதுகாப்பு உண்டு என்றும் அது சொல்கிறது. கலம் உடைந்தால், யானையும் குதிரையும் ஏற்றி வந்த கலமாயின் நாலில் ஒரு பங்கு அரசனுக்கு, மிகுதி உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலமாயின் பாதிக்குப் பாதி. இப்படிக் கணக்கு வகுக்கும் அளவுக்கு அந்தக் கரையில் கப்பல்கள் வந்துபோயின. 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதா ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தது நல்லூரில் அல்ல, புத்தளத்தில். மன்னன் பாரசீகம் அறிந்தவனாக இருந்ததையும், முத்துகளைக் காட்டியதையும், பாவா ஆதம் மலைக்குச் செல்லத் துணைக்கு ஆட்கள் கொடுத்ததையும் அவர் எழுதியிருக்கிறார். வடபுலத்து மன்னர்கள் இருப்பிடத்துக்கு உள்நாட்டையும் வருமானத்துக்குக் கரையையும் நம்பினார்கள்.

போர்த்துக்கேயர் கப்பலில் வந்தவர்கள். உதவியும் உணவும் வெடிமருந்தும் அவர்களுக்குக் கடல் வழியாகவே வரவேண்டும். 1619இல் பிலிப்பு தெ ஒலிவேறா யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினார். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. கோட்டை கடலோரத்தில், பண்ணைத் துறையை அண்டி எழுந்தது. 1658இல் வந்த ஒல்லாந்தர் அதனை ஐங்கோண வடிவில் திருத்திப் பெருப்பித்தனர். அத்துடன் நல்லூர் தலைநகர் என்ற நிலையை இழந்தது. யாழ்ப்பாணப் பட்டினம் கரையில் வளர்ந்தது.

அந்தக் கரையில் நம்மவர்கள் எப்படி வந்தார்கள்? ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை' ஒரு கதை சொல்கிறது. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்த சோனகர் முதலில் உசனிலும், பின்னர் மிருசுவில் பக்கத்திலும், அதன்பின் நல்லூரில் பழைய கந்தசுவாமி கோயில் இருந்த இடத்தை அண்டியும் குடியிருந்தார்கள். அந்த இடத்தில் கோயிலை மீண்டும் எழுப்ப விரும்பிய அயலார் காணியை விலைக்குக் கேட்டார்கள். இவர்கள் கொடுக்க மறுத்தார்கள். பின்னர் ஒருநாள் கிணறுகளில் பன்றியிறைச்சி போடப்பட்டது. குடிக்கத் தண்ணீரில்லாமல் போகவே, கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டு நாவாந்துறைப் பக்கம் பெயர்ந்தார்கள்.

வைபவமாலையின் ஒவ்வொரு வரியையும் வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது. எனினும் இந்தக் கதையை எழுதியவர் முஸ்லிம் அல்லர் என்பதைக் கவனிக்கவேண்டும். தம் பக்கத்தாருக்குப் பெருமை தராத ஒன்றை அவர் மறைக்காமல் எழுதியிருக்கிறார். சோனகர் கடல் வணிகர், அதனால் கரையைத் தேடிப் போனார்கள் என்றே பாடப்புத்தகங்களில் படித்தோம். இந்தக் கதையில் அவர்கள் உள்ளூரில்தான் இருக்க விரும்பினார்கள். கரை அவர்களுக்கு மிஞ்சிய இடம்.

மலை தந்த புகலிடம்

தெற்கே இதற்கு நேர்மாறான ஒன்று நடந்தது. கொழும்பு, களுத்துறை, பேருவளை என மேற்குக் கரை நெடுகப் பரவியிருந்த முஸ்லிம்களைப் போர்த்துக்கேயர் தம் வணிகத்துக்குப் போட்டியாகவும் தம் மதத்துக்குப் பகையாகவும் கருதினர். 1626இல் அவர்களைத் தம் ஆட்சிப் பகுதியிலிருந்து வெளியேற்றும் ஆணை வந்தது. கரையை விட்டவர்களை ஏற்றுக்கொண்டவர் கண்டி மன்னர் செனரத். அவர்களில் ஏறத்தாழ 4,000 பேர் மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தப்பட்டனர் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவேறோஸ் எழுதியிருப்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டுவர். மற்றவர்கள் மலைநாட்டு ஊர்களில் பரவினர்.

நல்லூரும் உள்நாட்டு நகரம், கண்டியும் உள்நாட்டு நகரம். நல்லூர் 1619இல் விழுந்தது. கண்டி 1815 வரை நின்றது. இடையில் 196 ஆண்டுகள். நல்லூருக்கும் கடலுக்கும் நடுவே ஒரு பொழுது நடை. கண்டிக்கும் கடலுக்கும் நடுவே மலையும் காடும் கணவாயும். 'உள்நாடு' என்ற ஒரே சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு உண்டு.

மலைக்குப் போன முஸ்லிம்கள் கடலோடு இருந்த தொடர்பை விட்டுவிடவில்லை. மலைநாட்டில் உப்பு விளைவதில்லை. புத்தளத்து உப்பும் கருவாடும் மேலே ஏறவேண்டும். பாக்கும் மிளகும் கீழே இறங்கவேண்டும். பொதிமாட்டுத் தாவளங்களில் அவற்றை ஏற்றி இறக்கியவர்களில் பெரும்பகுதியினர் முஸ்லிம்கள். கண்டி அரசில் இந்தப் போக்குவரத்துக்கென்றே 'மடிகே' என்று ஒரு பிரிவு இருந்தது. அந்தப் பெயர் இன்றும் சில ஊர்ப் பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அரண்மனை வைத்தியர்களாக இருந்த முஸ்லிம் குடும்பமும் உண்டு. எனவே கண்டிக்குப் போனது கடலைத் துறந்ததாகாது. கடலின் உப்பைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள்.

மலை எப்போதும் காத்ததா என்றால், இல்லை. 1915 மே மாத இறுதியில் முஸ்லிம்களுக்கெதிரான கலவரம் தொடங்கியது கண்டி நகரில்தான். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனியப் பகுதிகளில் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தபோது, நாங்கள் கண்டியில் ஊரடங்குக்குள் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தோம். அந்த இரவுகளில் என் மனைவி யாழ்ப்பாணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கரையை நினைத்து ஏங்குவதற்கும் மனதில் கொஞ்சம் நிம்மதி வேண்டும் போலும்.

குருநகரில் ஒரு காலை

மைத்துனருக்குப் பதில் சொல்லுமுன் காணியைப் பார்த்துவிடுவோம் என்று இருவரும் யாழ்ப்பாணம் போனோம். இரண்டாம் நாள் சுபஹுத் தொழுகைக்குப் பின், மீன் வாங்க நான் குருநகருக்குப் போனேன். கோட்டைக்குக் கிழக்கே, கடல்நீரேரியின் கரையில் உள்ள ஊர் அது. கரையூர் என்பது பழைய பெயர். கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் நெருக்கமாக வாழும் இடம். புனித யாகப்பர் ஆலயமும் ஐந்து மாடிக் குடியிருப்பும் தூரத்திலிருந்தே தெரியும். எதிரே மண்டைதீவு.

கண்டியிலிருந்து போகும் ஒருவனுக்கு அந்தக் கரை சோம்பலாகக் கிடப்பதாகத் தோன்றும். ஆழமில்லாத நீர், அசையாத வள்ளங்கள், வலை பிரிக்கும் மனிதர்கள், அவசரமில்லாத பேச்சு. நானும் அப்படித்தான் நினைத்து நின்றேன். வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவரிடம், "இங்க நல்ல அமைதி" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார். "ஐயா இப்ப வந்தபடியால் அப்பிடித் தெரியுது. இரவு பத்து மணிக்குப் போய் இப்பதான் வந்து இழுத்துக் கட்டியிருக்கிறம். களைச்சுப்போய் இருக்கிறதைப் பார்த்து அமைதி எண்டு சொல்லுறியள்."

ஏலம் கூறத் தொடங்கியதும் அந்த அமைதியும் போயிற்று. நண்டும் இறாலும் திரளியும் குவிந்த இடத்தில் விலை ஏறும் வேகம் கண்டிச் சந்தையில் நான் காணாதது.

குருநகரின் அண்மைக்கால வரலாற்றைத் தெரிந்தவர் எவரும் அதைச் சோம்பலான கரை என்று சொல்லமாட்டார். 1986 ஜூன் 10ஆம் திகதி, மண்டைதீவுக் கடலில் தொழிலுக்குப் போன முப்பதுக்கும் மேற்பட்ட கடற்றொழிலாளர் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் குருநகரைச் சேர்ந்தவர்கள். 1993 நவம்பரில் புனித யாகப்பர் ஆலயம் விமானக் குண்டுவீச்சுக்கு இலக்கானது. கடலுக்குப் போகத் தடை, நேரக்கட்டுப்பாடு, அனுமதிச் சீட்டு என்று போர்க்காலம் முழுவதும் கரையில் இருந்துகொண்டே கடலை இழந்த மக்கள் அவர்கள். போர் முடிந்த பிறகு இந்திய இழுவைப் படகுகளால் வலை அறுபடும் முறைப்பாடு வடக்கெங்கும் எழுந்தது. குருநகரிலேயே சிலர் இழுவை மடித் தொழில் செய்துவந்ததால், 2017இல் நாடாளுமன்றம் அத்தொழிலைத் தடைசெய்தபோது ஊருக்குள்ளும் வாதங்கள் எழுந்தன. காற்று வாங்க வருபவனுக்குக் கடல் காட்சி. அங்கே வாழ்பவனுக்கு அது தொழிற்கூடம். சில காலங்களில் மரணத்தின் வாசல்.

நான் சோனகதெரு மருமகன் என்று சொன்னதும் அந்த முதியவர் வலையைக் கீழே வைத்தார். "சைக்கிளில பெட்டி கட்டி உங்கட தெருவுக்குத்தான் மீன் கொண்டுபோறனான். வெள்ளிக்கிழமையெண்டா ஜும்ஆவுக்கு முதல் வித்து முடிஞ்சிடும். ஆக்கள் போன அடுத்த நாளும் பழக்கத்தில சைக்கிளைத் திருப்பிப் போட்டன். தெரு முழுக்க ஆளில்லை. பூனைகள்தான் பெட்டிக்குப் பின்னால வந்ததுகள்" என்றார். பிறகு, "ஐஞ்சு வருசத்தில எங்கட முறை வந்தது" என்றார்.

அவர் சொன்ன இரண்டு நாள்களும் ஒரே திகதி. 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாண முஸ்லிம்களை ஒலிபெருக்கியில் அழைத்து, இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேறுமாறு விடுதலைப் புலிகள் உத்தரவிட்டனர். அந்த மாதத்தில் வடமாகாணம் முழுவதிலிருந்தும் விரட்டப்பட்ட முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி, இராணுவம் முன்னேறிவர, புலிகளின் அறிவிப்பின்படி வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சி நோக்கி நடந்தார்கள். குருநகர் மக்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நாவற்குழிப் பாலத்தில் மழைக்குள் அவர்கள் நெருக்குண்டு நின்றது இதே கண்டி வீதியில்தான். இரண்டு துயரமும் ஒன்றே என்று நான் சொல்லவரவில்லை. ஒரு மக்கள் கூட்டம் முஸ்லிம் என்பதற்காகவே அகற்றப்பட்டது. மற்றது போரின் முன் பெயர்க்கப்பட்டது. பெரும்பாலோர் அடுத்த ஆண்டிலேயே திரும்பினர். ஆனால் ஒருவரை ஒருவர் விசாரிக்கும் போது இந்தத் திகதி இரு பக்கத்தாருக்கும் நினைவில் இருந்தால் நல்லது.

போவதும் வருவதும்

சோனகதெரு மக்கள் அதற்கு முன்னரும் ஊரை விட்டுப் போயிருக்கிறார்கள். வண்ணார்பண்ணையில் 1911இல் பிறந்த ஏ. எம். ஏ. அஸீஸ் யாழ்ப்பாணத்தில் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் இந்துக் கல்லூரியிலும் படித்தார். பின்னர் கொழும்பு போய்ச் சிவில் சேவையில் சேர்ந்தார். முஸ்லிம்களில் முதலாமவர் அவரே. கல்முனையில் அரச அதிபரின் உதவியாளராகக் கடமையாற்றினார். 1945இல் முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை உருவாக்கினார். 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபராக விளங்கினார். சிறிய கடலோரப் பட்டினம் ஒன்றிலிருந்து பெருநகருக்குப் போன அவருடைய பயணத்தால் சமூகம் முழுவதும் பயன்பெற்றது. அந்தப் பயணத்தை எவரும் இடப்பெயர்வு என்று சொல்வதில்லை. ஏனென்றால் அவர் போனபோது பின்னால் கதவு திறந்தே இருந்தது.

1990இல் போனவர்களுக்குக் கதவு மூடப்பட்டது. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. தூரத்திலோ ஊரின் அளவிலோ இல்லை.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 திறந்தபோது, முஸ்லிம்கள் திரும்பலாம் என்று புலிகளின் தலைமை சொன்னது. என் மாமனார் ஒரு நாள் போய் வீட்டைப் பார்த்து, நிலைக்கதவு இருந்த இடத்தைக் கையால் தடவிவிட்டு, அன்றே புத்தளம் திரும்பினார். 2004இல் அங்கேயே மௌத்தானார். 2006 ஓகஸ்டில் வீதி மறுபடி மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின் பலர் யாழ்ப்பாணத்தில் பதிந்தார்கள். நிலைத்துத் தங்கியவர்கள் குறைவு. வீடில்லை, தொழிலில்லை, உறுதி தொலைந்தது, பிள்ளைகளின் படிப்பு புத்தளத்தில் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு காரணம். 2011இல் வெளியான குடிமக்கள் ஆணைக்குழுவின் அறிக்கை இந்த வெளியேற்றத்தையும் அதன் பின்னைய வாழ்வையும் விரிவாகப் பதிவுசெய்தது. இருபது, முப்பது ஆண்டுகள் வேரோடிய ஊரை விட்டு வராதவர்களைப் பார்த்து, "இவர்களுக்குப் பிறந்த மண்ணில் பற்றில்லை" என்று யாராவது சொன்னால் அது அநியாயம். வந்தவர்களைப் பார்த்து, "காணிக்கு ஆசைப்பட்டு வந்தார்கள்" என்று சொல்வதும் அநியாயம்.

பழைய புத்தகங்களில் தேடியதில் எனக்குக் கிடைத்தது இதுதான். உள்நாட்டு நகரம் நல்லதா, கரையூர் நல்லதா என்பதற்கு வரலாற்றில் பதிலில்லை. நல்லூரில் கிணற்றையும், மேற்குக் கரையில் வீட்டையும், யாழ்ப்பாணத்தில் தெருவையும் இழந்தவர்களுக்குக் கரையோ மலையோ தனியாகக் காவல் தரவில்லை. வேண்டியபோது போகவும் வேண்டியபோது வரவும் முடிந்த இடத்தில்தான் மனிதர் ஊரென்று சொல்லிக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள். தாவளக்காரனின் வாழ்வு அப்படிப்பட்டது. உப்புக்குக் கீழே இறங்கினான், பாக்குக்கு மேலே ஏறினான். அவனிடம் போய் மலையா கரையா என்று கேட்டிருந்தால், கேள்வியே அவனுக்கு விளங்கியிராது.

யாழ்ப்பாணத்திலிருந்தே மைத்துனருக்குத் தொலைபேசி எடுத்தேன். "இப்போதைக்கு விற்கவில்லை. கண்டி வீட்டையும் விடவில்லை. ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொள்கிறோம். பள்ளிக்கூட விடுமுறைக்கு உங்கள் பேரப்பிள்ளைகளையும் அனுப்புங்கள்" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. "உணர்ச்சிக்கு விலை கிடையாது மச்சான்" என்றார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. 1990இல் அவருக்கு 24 வயது. வாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் தெருவிலிருந்து வெளியே நடந்தவர் அவர்தான். நானோ என் மனைவியோ அல்ல.

முதல் வேலையாகக் கிணற்றை இறைத்தோம். இரண்டு பேர் இரண்டு நாள் வேலை செய்தார்கள். தகரமும், சைக்கிள் சட்டமும், உடைந்த ஓடுகளும், ஓர் அம்மிக் குழவியும் வந்தன. மூன்றாம் நாள் தண்ணீர் தெளிந்தது. குடிக்க இது ஆகாது, குளிக்கலாம் என்று வேலை செய்தவர் சொன்னார். மனைவி கேட்கவில்லை. ஒரு வாளி அள்ளி, கையில் ஏந்தி, ஒரு மிடறு வாயில் விட்டுப் பார்த்தாள்.

"சவர்தான்" என்றாள். "அப்பவும் சவர்தான்."